பன்னிரண்டு வருடமாக இந்த மேசையில்தான் எழுதுகிறேன்

பாரிஸில் ஓர் ஏலத்தில் எடுத்த மேசை இது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி, ஆனால் செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். பழைய அரசவைப் பாணிகளுக்கு அப்போது மறுபடி மவுசு வந்திருந்தது. பதினைந்தாம் லூயியின் சொந்த மேசையை ஓபென் என்ற தச்சர் 1760இல் தொடங்கினார். அவர் இறந்த பிறகு ரீஸ்னர் என்ற இன்னொரு தச்சர் 1769இல் முடித்தார். வெர்சாய் அரண்மனையில் இருக்கும் அந்த மேசையை, நூறு வருடம் கழித்துத் தஸோன், லிங்க் போன்றவர்களின் பட்டறைகள் அப்படியே மறுபடி செய்தன. என்னுடையது அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. செய்தவர் பெயரே கிடையாது.

கால் முனையிலும் மூலைகளிலும் உள்ள பொன்முலாம் பூசிய வெண்கலப் பூவேலையை வெறும் அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தேன். தரை சுத்தம் செய்யும் இயந்திரம் காலில் இடிக்கும்போதெல்லாம் அடி வாங்குவது அந்த வெண்கலம்தான். உள்ளே இருப்பது ஓக் கட்டை, மேலே ஒட்டியிருப்பது வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு. ஓரத்தில் ஒரு இடி பட்டால் வெனீர் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அழகும் காவலும் ஒரே துண்டில்! அந்த வேலைக்காரரின் மூளையை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. பித்தளை பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், முலாம் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஹீட்டர் பக்கத்தில் இருந்ததால் ஒரு பக்க வெனீர் எழும்பிவிட்டது. பழுது பார்க்க வந்தவர் இன்றைய வெள்ளைப் பசையைப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். மறுவருடம் பக்கத்திலேயே இன்னொரு இடம் எழும்பியது. இந்த முறை வந்தவர் பழைய பாணித் தச்சர். விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசையான வச்சிரத்தைக் காய்ச்சித்தான் ஒட்டினார். வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அதனால்தான் நூறு வருடம் கழித்தும் பிரித்து ஒட்ட முடிகிறது. முன்னவர் போட்ட வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. அப்புறம் மேசையை ஹீட்டரிலிருந்து தள்ளிப் போட்டேன், அறையில் ஈரப்பதமானியும் வைத்தேன். பிரச்சினை திரும்பவில்லை.

இழுப்பறைகளில் புறாவால் இணைப்பு, அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்; ஆணியே இல்லை. மெழுகுவர்த்தியை வருடத்துக்கு ஒருமுறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

வசதி என்று பார்த்தால், நடு இழுப்பறை முழங்காலில் இடிக்கும். கணினி வேலைக்கு நான் வேறு மேசைக்குப் போய்விடுகிறேன். மேலே உள்ள தோல் வெயிலில் வெளுத்துவிட்டது. மாற்றலாம் என்றார் தச்சர். ஆனால் தோலில் போட்டிருக்கும் பொற்கோட்டுக்கு உள்ளே எனக்கு முன்பு எழுதிய யாரோ சிந்திய மை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.