கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து: வாங்கலாமா?

‘ஆபரேஷன் இல்லாமல் புரை கரையும்’ என்று ஆன்லைனில் விற்கும் சொட்டு மருந்துகளில் அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, 1 சதவீத என்-அசிடைல்கார்னோசின். மற்றது லனோஸ்டெரால். புரைக்காக என்றால் இரண்டுமே வேண்டாம்.

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. அந்த லென்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம்: ஆல்பா, பீட்டா, காமா கிரிஸ்டலின்கள். இத்தனை நெரிசலிலும் அவை சீராகப் பரவியிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. சில காமா கிரிஸ்டலின்கள் தமக்குள் ஒட்டப் பார்க்கும் ரகம். கன்றுக்குட்டியின் லென்ஸை ஐஸில் வைத்தால் நடுப்பகுதி வெளுத்துவிடும். காமா செறிந்த துளிகள் ஒரு பக்கம், காமா குறைந்த திரவம் இன்னொரு பக்கம் என்று கரைசல் பிரிவதே காரணம். சூடேற்றினால் பழையபடி தெளிந்துவிடும். இந்தப் பிரிவைத் தள்ளிப்போடுவது ஆல்பாவுக்கும் காமாவுக்கும் இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பு என்று 2007-இல் ஸ்ட்ராட்னர், தர்ஸ்டன், ஷுர்டென்பெர்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்த ஈர்ப்பு குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

வயதானவர்களின் புரை இப்படிச் சூட்டில் தெளிவதில்லை. லென்ஸின் நடுவிலுள்ள புரதம் பிறப்பதற்கு முன்பே உருவானது. மாற்றுப் புரதம் அங்கே வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் நடந்து, கந்தகப் பிணைப்புகள் விழுந்து, கட்டிகள் இறுகிவிடுகின்றன. அவித்த முட்டை பச்சை முட்டையாகாது.

லனோஸ்டெரால் விளம்பரங்கள் சுட்டுவது 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வை. அதில் நாய்களுக்குச் சொட்டு மட்டும் விடவில்லை; கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். பாட்டிலில் ஊசி இல்லையே! லனோஸ்டெரால் நீரில் கரையாத பொருள். பொதுவாகவே, கண்ணில் விடும் மருந்தில் 5 சதவீதம்கூட உள்ளே போகாது. அறுவையில் எடுத்த மனிதப் புரையை லனோஸ்டெரால் கரைசலிலேயே ஊறவைத்துப் பார்த்த இந்திய ஆய்விலும் அது தெளியவில்லை. என்-அசிடைல்கார்னோசினுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2017-இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் ‘பார்வை தெளிந்தது’ என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பல பாட்டில்களில் கண்ணை ஈரமாக்கும் கிளிசரினும் கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸும் இருக்கின்றன. உலர்ந்த கண்ணில் அவை பட்டதும் கொஞ்ச நேரம் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, நடுப்பகுதிப் புரை முற்றும்போது கிட்டப்பார்வை கூடி, வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வரும். புரை வளர்கிறது, பெயர் மருந்துக்குப் போகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கண் மருத்துவரிடம் கண்மணியை விரித்து ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி, புரையின் தரநிலையை எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். பென்ஸல்கோனியம் குளோரைடு என்ற கெடாமல் காக்கும் பொருள் கலந்த பாட்டில் என்றால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே விட வேண்டும். திறந்த பாட்டிலை, லேபிளில் வேறு கெடு போட்டிராவிட்டால், 28 நாளில் தூக்கிப்போடுங்கள். சொட்டை நம்பி அறுவையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: புரை கல்லாக இறுகினால் அதை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் தேவைப்படும், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் உட்புறச் செல்கள் அடிபடும்.