பழைய அம்பாசடரை எங்கே நிறுத்துவது: மார்த்தாண்டமா, ஆரல்வாய்மொழியா?

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இனி கிடைக்கிற ஒவ்வொரு பாகமும் பொக்கிஷம்தான். அதனால் இடம் தேடும்போது வாடகையோடு ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் மூடிக்கிடக்கும் முந்திரி ஆலைகளில் குடோன் கேட்டுப் பார்க்கலாம். சுவர் உறுதி, இடம் தாராளம், பக்கத்திலேயே மெக்கானிக்குகள். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மேற்கே இருக்கிற மார்த்தாண்டத்தில் ஈரம் காயவே காயாது. பிரேக் டிரம்மில் துரு ஏறும், சீட்டில் பூஞ்சை பிடிக்கும். முந்திரி வாசனைக்குப் பழகிய எலி வயரிங்கையும் விடாது.

ஆரல்வாய்மொழியில் மழை குறைவு. தகர ஷெட்டோ செங்கல் ஷெட்டோ, துரு பயம் பாதியாகிவிடும். தொல்லை காற்றுதான். கணவாய் வழியாக வருகிற காற்றில் மணல் கவருக்குள் புகுந்து, கவர் படபடக்கும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கும். கவரே போடாமல், கதவிடுக்கை அடைத்துவிடுவது நல்லது. தகரக் கூரைச் சூட்டில் ரப்பர் புஷ், சீல் எல்லாம் வெடித்துவிடும். அவற்றை வீட்டுக்குள் பெட்டியில் வையுங்கள்.

கார்புரேட்டர், கியர் போன்ற உலோகச் சாமான்களுக்கு எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கினால் போதும்.

என் ஓட்டு ஆரல்வாய்மொழிக்கு. தூசியைத் துடைத்துவிடலாம், துருவை முடியாது. மார்த்தாண்டத்துக்காரர் என்றால் சரி, அங்கேயே எடுங்கள். ஆனால் மாதம் இருமுறையாவது கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.