ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தோடு 5 ஆண்டுகள்

இந்த வைஃபை ரவுட்டரை வாங்கி 5 ஆண்டுகள் ஆகின்றன. வேகம், சிக்னல் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது பிரவுசரில் அதன் ஐபி முகவரியைத் தட்டினால் திறக்கும் நிர்வாகப் பக்கத்தைப் பற்றி. பலரும் முதல் நாள் பாஸ்வேர்டு வைப்பதற்காக அதைத் திறப்பதோடு சரி. நான் மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

முதல் வாரமே ஒரு சிக்கல். இணைய இணைப்போடு வந்த மோடமும் என் ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தன. ரவுட்டரின் இரண்டு பக்கமும் ஒரே தொடர் முகவரிகள் இருந்தால் எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அதனால் ரவுட்டருக்கு 192.168.10.1 என்று கொடுத்துச் சேமித்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவே இல்லை. கெட்டுவிட்டது என்று பயந்து ரீசெட் பொத்தானை அழுத்தினேன். அதுவரை செய்த அமைப்புகள் எல்லாம் போயின. உண்மையில் ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மடிக்கணினிதான் பழைய தொடர் முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டி, புதிய முகவரியைத் தட்டியிருந்தால் போதும். சேமிக்கும் முன் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இந்தப் பக்கத்தில் எனக்கு இன்றும் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

அன்றிலிருந்து எதை மாற்றும் முன்பும் அமைப்புகளின் காப்புக் கோப்பை இறக்கி, பெயரில் தேதி போட்டு வைக்கிறேன். அதில் பாஸ்வேர்டுகளும் இருக்கலாம் என்பதால் யாருக்கும் அனுப்புவதில்லை.

அதிகம் பயன்பட்டது இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல். பிரிண்டரின் ஐபி முகவரி அவ்வப்போது மாறி, கணினியில் ஆஃப்லைன் என்று காட்டும். சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அதன் மேக் முகவரிக்கு (சாதனத்துக்கு ஆலையிலேயே கொடுக்கப்படும் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. போன்களில்தான் குழப்பம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து பல போன்கள் தனியுரிமைக்காக உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. பட்டியலில் பெயர் தெரியாத சாதனத்தைக் கண்டு பதறும் முன், மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்று என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு போன் தானே உருவாக்கிக்கொண்ட முகவரிதான்.

பாதுகாப்பு அமைப்புகளில் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், பாஸ்வேர்டு தட்டாமல் பொத்தான் அல்லது பின் எண் மூலம் வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டேன். டபிள்யூபிஎஸ்ஸின் 8 இலக்க பின் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம். 2011-இல் வெளியான பலவீனம் இது. நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றியதைச் சொல்லவே வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது, ஆலையில் வைத்த பாஸ்வேர்டுகளை அப்படியே விட்டிருந்த சாதனங்களின் வழியாகத்தான்.

நான் கடைசியாகப் படிக்கக் கற்றது, ரவுட்டர் தனக்கு நடந்ததை நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவேட்டை. மூன்றாம் ஆண்டில் இரவு நேரத்தில் இணையம் அறுந்து அறுந்து வந்தது. லைனில் கோளாறு என்று நினைத்து இணைப்பு தருபவரிடம் பலமுறை புகார் செய்தேன். ஒருநாள் பதிவேட்டைத் திறந்தால், நடுநடுவே 1970 ஜனவரி 1 என்ற தேதி. இந்த ரவுட்டரில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1970-இலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்ததும் நேரச் சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். அப்படியென்றால் அறுந்தது லைன் அல்ல, ரவுட்டரே அணைந்து எழுந்திருக்கிறது. 12 வோல்ட் அடாப்டரை மாற்றினேன், அதோடு நின்றது. லைனை மட்டுமே சந்தேகித்துக் கழித்த வாரங்களை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

இந்த மாடலுக்குப் புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இனி வராது என்றே தோன்றுவதால் வேறொன்று வாங்கப்போகிறேன். பழைய காப்புக் கோப்பை வேறு மாடல் ஏற்காது என்பதால், ஒதுக்கிய ஐபிக்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.