3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ்ஸ்: டப்பால போட்டிருக்கறத நம்பாதீங்க

சால்வென்ட்ல இருக்கற ஈரத்த எடுக்க சோடியம் பென்சோபீனோன் ஸ்டில் (சோடியத்தோட கொதிக்க வெச்சு வடிக்கற செட்டப்) ஓட்டுனவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும், காஞ்சிருச்சுன்னு காட்டற நீலக் கலர் எப்ப வரும்னு காலைலருந்து காவல் காத்து, கடைசில மிச்ச சோடியத்துல ஐசோப்ரோப்பனால சொட்டு சொட்டா விடறப்ப உசுர கைல புடிச்சிட்டு நிக்கணும். போதும்டா சாமின்னுதான் 3 ஆங்ஸ்ட்ராம் அளவு பொடி ஓட்டைக்குள்ள தண்ணிய இழுத்துக்கற இந்த சீவ்ஸ் உருண்டைய வாங்குனோம்.

மொத தடவ செம சொதப்பல். டப்பா மேல ஆக்டிவேட்டட்னு போட்டிருந்துச்சு, நம்பி அப்படியே டிஹெச்எஃப்ல (டெட்ராஹைட்ரோஃபியூரான்ங்கற சால்வென்ட்) கொட்டி ரெண்டு நாள் விட்டு, ஈரம் இருந்தா நடக்காத கிரிக்னார்ட் ரியாக்ஷன் போட்டா மக்னீசியம் துருவல் கல்லு மாதிரி கெடக்கு, அயோடின் போட்டாச்சு, சூடும் காட்டியாச்சு, ஒரு குமிழி கூட வரல. தண்ணி எவ்ளோ இருக்குன்னு அளக்கற கார்ல் ஃபிஷர் டெஸ்ட்ல பாத்தா தண்ணி பெருசா கொறையவே இல்ல. மூடியத் தொறந்தாலே காத்துல இருக்கற ஈரத்த குடிக்க ஆரம்பிச்சிடும், அதோட வேலையே அதான.

கண்ணாடி சாமான் காய வெக்கற 120 டிகிரி ஓவன் பத்தவே பத்தாது. வேக்குவம்ல 250லருந்து 300 டிகிரில ராத்திரி பூரா வெச்சு, ஆர்கான்ல ஆற விட்டோம். சரியா காஞ்சிருக்கான்னு பாக்க, கிளவுஸ் போட்ட உள்ளங்கைல நாலு உருண்டைய வெச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க, சுருக்குனு சுட்டா பாஸ்.

அப்புறம் 100 மில்லிக்கு 20 கிராம் போட்டு மூணு நாள் கலக்காம விட்டோம், தண்ணி பிபிஎம்ல (பத்து லட்சத்துல எத்தன பங்கு) ஒத்த இலக்கத்துக்கு வந்துருச்சு! 2010லயே ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரில ஒரு பேப்பர்ல சோடியம் ஸ்டில்ல விட இதுதான் நல்லா டிரை பண்ணுதுன்னு போட்டிருந்தாங்க, நாங்கதான் லேட்டு. டைகுளோரோமீத்தேனுக்கும் இதான் போடறோம், அதுல சோடியம் போட்டா வெடிச்சிரும். மெத்தனாலுக்கு 4 ஆங்ஸ்ட்ராம் எடுத்துறாதீங்க, மெத்தனாலே ஓட்டைக்குள்ள பூந்துக்கும்.

கொறைன்னா தூசி. ஸ்டிர்ரர் பார் போட்டா உருண்டை அரைபட்டு மாவாயிடுது, ஃபில்டர் பண்ணியே தாவு தீந்துரும். அசிட்டோன்ல ஊற வெச்சிட்டு மறந்துறாதீங்க, சீவ்ஸ் லேசா பேஸ் (காரம்) மாதிரி நடந்துக்கறதால ஆல்டால் ரியாக்ஷன் ஆகி அசிட்டோன் தன்னோடயே சேந்துக்கும். டிஹெச்எஃப்ல பெராக்சைட் இருந்தாலும் இத நம்ப முடியாது, தனியா டெஸ்ட் பண்ணிக்கணும்.

யூஸ் பண்ண உருண்டைய திரும்ப ஆக்டிவேட் பண்ணலாம், ஆனா ஃப்யூம் ஹூட்ல பரப்பி சால்வென்ட் வாசம் சுத்தமா போனப்புறம்தான் சூடு பண்ணணும், அவசரப்பட்டு நேரா உள்ள வெச்சா தீப்புடிச்சிரும்.