பழுதுபார்த்த பிறகு வந்த பழுது: இழுவை இழந்த காரும் நான் கட்டிய வீண் பில்களும்

வாட்டர் பம்பில் கூலன்ட் கசிந்ததால் என் காரை ஒரு பட்டறையில் விட்டேன். வண்டி 90,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. பம்பைக் கழற்ற எப்படியும், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும் என்பதால் பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார்கள். அது நியாயமான யோசனைதான், இன்றும் அதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார்கள். கசிவு நின்றது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சில நிமிடங்களிலேயே அதன் குணம் மாறியிருப்பது தெரிந்துவிட்டது. சும்மா நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் இருந்தது. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இழுவை வராமல், இருமுவதுபோல் விட்டுவிட்டு வெட்டியது, அந்த நேரத்தில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு மினுக்கியது.

மறுநாளே திரும்பப் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "புது பெல்ட் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும் சார், ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு நேர்ந்த நிரந்தர நஷ்டம் இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதால் வந்தது. என்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் வண்டியை நிறுத்த வேண்டும். ஓட்டி ஓட்டிச் சரியாகும் கோளாறு அது அல்ல.

அடுத்த சில வாரங்களில் மேலும் மூன்று முறை அங்கே போனேன். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று கோடு (கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு) வருகிறது, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் போய்விட்டது என்று புதுக் காயில் போட்டார்கள். குறை அப்படியே இருந்தது. அடுத்த முறை, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் நிலையும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் நிலையும் ஒத்துப்போகவில்லை என்ற இன்னொரு கோடு காட்டுகிறது, சென்சார்தான் காரணம் என்று கேம் சென்சாரை மாற்றினார்கள். அதன் பிறகு இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பில். பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்களேன் என்று நானே கேட்டேன். "நாங்கதானே சார் போட்டோம், புது பிளக்குல குறை வர வாய்ப்பே இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். கடைசியாக, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியையே மாற்ற வேண்டும் என்றபோதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன், குறை எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் எந்தெந்தப் பாகத்தில் கை வைத்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். நன்றாக இருந்த என்ஜினில் வேலை முடிந்த அன்றே குறை வந்தால், அந்த வேலையில் கழற்றி மாட்டிய பாகங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றுவரை தொடப்படாத காயிலும் சென்சாரும் கணினியும் அதே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஸ்கேனரில் எனக்கு ஒன்றைக் காட்டினார். கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரத்தைப் பல கார்களின் கணினி சேமித்து வைக்கும். என் காரில் அது 11 கிலோமீட்டர் என்று காட்டியது. முந்தைய பட்டறையிலிருந்து அவர் இடத்துக்கு வந்த தூரம் அவ்வளவுதான். கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளில் பெரும்பாலானவை 'முடியவில்லை' என்றே இருந்தன. கோட்டை அழிக்கும்போது, குறை வந்த நொடியில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு பாரத்தில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். அதாவது, ஒவ்வொரு முறையும் என் கையில் வண்டியைக் கொடுக்கும் முன் நோயின் தடயத்தையே துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாவியை வாங்கும்போது விளக்கு அணைந்திருந்ததை வேலை நடந்ததற்கு அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டியைச் சிறிது ஓட்டியதும் இரண்டு கோடுகளும் திரும்பி வந்தன: பி 0303, பி 0016. முதலாவதன் கடைசி இலக்கம் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்கிறது. அவர் மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதிலும் மாற்றி மாட்டினார். குறை மூன்றிலேயே நின்றது. ஆக, காயில் குற்றவாளி அல்ல. அடுத்து பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றினார். இம்முறை கோடு பி 0302 ஆனது. ஒரு பொருள்கூடப் புதிதாக வாங்காமல், அரை மணி நேரத்துக்குள் முடிந்த சோதனை இது. புதுக் காயிலை என் தலையில் கட்டுவதற்கு முன் இதைச் செய்திருக்கலாம்.

அந்த பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளைப் பீங்கானின் மேல், முனையிலிருந்து உலோக உடல்வரை, பென்சிலால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கருங்கோடு ஓடியது. அதை ஒட்டி நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு முடிபோல் மெல்லிய ஒரு விரிசல் இருந்தது. பிளக்கை முடுக்கும்போது சாக்கெட் சாய்ந்தாலோ, மாட்டுவதற்கு முன் பிளக் கீழே விழுந்தாலோ இப்படி விரிசல் விடும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்குத் தேவையான மின்னழுத்தமும் ஏறும். அப்போது மின்சாரம் உள்ளே பாயாமல், எளிதான வழியாக இந்தக் கருங்கோட்டின் வழியே வெளியிலேயே உலோகத்துக்கு இறங்கிவிடும். மேட்டில் மட்டும் வண்டி அத்தனை மோசமாக வெட்டியதற்கு இதுதான் காரணம். காயிலின் ரப்பர் உறையின் உட்புறத்திலும் மங்கலான ஒரு தடம் இருந்ததால், புது பிளக்கையும் அது கெடுத்துவிடக் கூடாது என்று உறையையும் மாற்றினார்.

வெட்டு நின்றது, ஆனால் இழுவை முழுமையாகத் திரும்பவில்லை. இரண்டாவது கோடு இன்னும் இருந்தது. என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்புகளை எடுத்து, காற்று நுழையும் த்ராட்டிலை முழுவதும் திறந்துவைத்து அவர் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தார். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் வால்வையோ பிஸ்டன் ரிங்கையோ சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டில் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவாக, சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு வந்தது. கையேட்டின்படி 180 அளவில் இருந்திருக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் குறைவது, வால்வுகள் திறந்து மூடும் நேரம் தவறியிருப்பதைக் காட்டும் முக்கியமான அறிகுறி. காற்றை உள்ளே விடும் வால்வு தாமதமாக மூடினால், பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். எரிவதற்குக் காற்று குறைந்தால் இழுவை எங்கிருந்து வரும்?

பெல்ட்டின் மூடியைக் கழற்றினார். கிராங்க் சக்கரத்தின் குறி தன் இடத்தில் சரியாக நின்றபோது, கேம் சக்கரத்தின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. ஒரு பல் என்பது கேட்க அற்பமாக இருக்கலாம். கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால் ஒரு பல் 18 பாகைக்குச் சமம். என்ஜினுக்கு அது பெரிய தவறு. இன்னும் சில பற்கள் தவறியிருந்தால், என் என்ஜின் போன்ற அமைப்பில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்திருக்கும். பெல்ட் போட்டபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் ஒன்றுசேர்கின்றனவா என்று பார்ப்பது இந்த வேலையில் தவிர்க்கக் கூடாத கடைசிப் படி. கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும் என்பதால் இரண்டு சுற்று தேவை. சில நிமிட வேலைதான், அதை அவர்கள் செய்யவில்லை. பெல்ட்டைச் சரியாக மாட்டியதும் நான்கு சிலிண்டர்களும் 175-ஐ ஒட்டி வந்தன, கோடும் திரும்பவில்லை.

ஒரு பல் தவறுவது, பிளக் விரிசல் விடுவது எல்லாம் எந்தத் திறமையான கையிலும் நடக்கக்கூடியவை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லி எழுதியிருக்க மாட்டேன். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று வண்டியே வெளிப்படையாகச் சொன்ன பிறகும், தாங்கள் மாட்டிய பெல்ட்டைத் திறந்து பார்க்காமல், அந்தச் செய்தியைக் கொண்டுவந்த சென்சாரை என் செலவில் மாற்றினார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களில் யாருக்காவது இதே நிலை வந்தால், அடுத்த பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன், எந்தச் சோதனையின் முடிவை வைத்து இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அந்த முடிவை எழுதித் தரச் சொல்லுங்கள். கோட்டை அழிக்கும் முன் ஸ்கேனர் திரையை உங்கள் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய காயிலை நான் கேட்டபோது தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள், அது நல்ல காயிலாகவே இருந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன்.

கன்வர்ட்டரைக் காப்பாற்ற முடியவில்லை. வேகமாக முடுக்கும்போது மூச்சடைப்பதுபோல் இருந்ததால், ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது அழுத்தம் 3 பவுண்டைத் தாண்டியது, புகை போகும் வழி அடைபட்டிருப்பதன் அடையாளம் அது. கன்வர்ட்டரை இறக்கியபோது உள்ளிருந்த தேன்கூட்டு அமைப்பின் ஒரு பக்கம் உருகி அடைத்திருந்தது. படங்கள், கம்ப்ரஷன் அளவுகள், விரிசல் விட்ட பிளக் எல்லாவற்றோடும் முதல் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். பெல்ட் மாற்றிய கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காயில், சென்சார், கன்வர்ட்டர் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை.