கடலா, பேயா, மானா?

நான் எழுதுகிற கதையில் பாதி எப்போதோ முடிவாகிவிட்டது. திருகோணமலையில் இரண்டு ஆண்கள். ஒருவன் ஓட்டோ ஓட்டுகிறான், மற்றவன் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறான். இருவருக்கும் காதல். ஐஸ் உடைக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனில்லாமல் போகிறான். இருட்டான கதைதான், ஆனால் காதல் கதை. சிக்கல் ஒன்றே ஒன்று: அவன் என்னவாக மாறுவது? இதற்காக நண்பர்களோடு பல மாலைகள் சண்டை பிடித்தாயிற்று.

முதலில் வந்தது புலி. ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டோம். இந்த ஊரில் 'அவன் புலியாகிவிட்டான்' என்று எழுதினால் அதை மாயக்கதையாக வாசிக்க ஆள் கிடைக்காது.

கடல் என்று விடாப்பிடியாக நின்றவன் ஒரு கிண்ணியாக்காரன். அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு. நம்முடைய துறைமுகம் சாதாரண ஆழம் இல்லை, வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்கிப் போகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. கழுத்தில் செவுள் திறந்து, நன்னீர் குடிக்க முடியாமல் போய், ஒரு நாள் உப்புவெளிக் கரையில் சாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறான் என்றால் வாசிக்கிறவனுக்கு மயிர் கூச்செறியும். ஆனால் அதற்கப்புறம்? மற்றவன் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடற்கரைத் திணையான நெய்தலுக்கு இரங்கல் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள், நான் புதிதாக என்ன செய்ய? இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் யாரையும் கடலுக்குள் அனுப்பி அதை அழகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

(கோணேசர் கோவில் நிற்கும் பாறையான சுவாமி மலையிலிருந்து குதிக்கவைக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். அங்கே நிற்கும் தூணைக் காட்டி, ஒல்லாந்தர் காலத்தில் 1687இல் காதலன் கப்பலேறிப் போனதும் ஒரு பெண் குதித்துச் செத்தாள் என்று எல்லோருக்கும் சொல்வார்கள். ஆவணங்களின்படி அவள் பின்னாளில் வேறொருவரைக் கலியாணம் முடித்திருக்கிறாள். குதிக்கிற முடிவு வேண்டாம்.)

பேய்க்கு அல்லது முனிக்கு வருவோம். பயம் என்று பார்த்தால் இதை அடிக்க ஒன்றுமில்லை. இரவில் பேச்சு மாறுவது, கண் நிலைகுத்துவது, நாய் கிட்ட வர மறுப்பது எல்லாம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் வீட்டார் அடுத்து என்ன செய்வார்கள் என்பதும் பழக்கம். நூல் கட்டுவார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், திருநீற்றை முகத்தில் அடிப்பார்கள். அந்த இடத்தில் கதை மாமன்மாரின் கைக்குப் போய்விடுகிறது. அதைவிட மோசம், ஆணை விரும்புகிறவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஏற்கெனவே நம்புகிற வீடுகள் இருக்கின்றன. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு பேசுவதும் இயற்கைக்கு மாறான உறவு என்றுதான். அதை மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டது. நான் போய்ப் பேயை எழுதி அந்தப் பழைய வார்த்தைக்கு முட்டுக் கொடுப்பதா?

மிச்சம் மான். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மானில் என்ன இருட்டு?

அவர்கள் கோட்டைக்குள் ஒருமுறை பொழுதுபட்ட பிறகு நடந்து பார்க்க வேண்டும். கோணேசர் கோவிலுக்குப் போகிற அந்தப் பாதையில் ஒரு கலைமான் சோறு கட்டுகிற லஞ்ச் சீட் ஒன்றை மென்றுகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சோறு இல்லை, குழம்பு மணம் மட்டும்தான். பாதி பொலித்தீன் வாயிலிருந்து தொங்குகிறது, கண் என்னையே பார்க்கிறது. மனிதனாக இருந்து, அதை மறந்துகொண்டிருக்கிற ஒருவன் அப்படித்தான் பார்ப்பான் என்று அன்றைக்குத் தோன்றியது. கொம்பு வேறு இருக்கிறது. முளைக்கும்போது அதன்மேல் பூனைமயிர்போல மெல்லிய தோல், உள்ளே இரத்தம் ஓடும், தொட்டால் சுடும். முற்றியதும் அந்தத் தோல் கிழிந்து சிவப்பாகத் தொங்கும். பிறகு கொம்பே கழன்று விழுந்து மறுபடி முளைக்கும். உடம்பு மாறுவதை எழுத இதைவிட என்ன வேண்டும்? ஓட்டோக்காரன் முதன்முதல் அந்தச் சூட்டை நெற்றி முடிக்குள் விரலால் கண்டுபிடிக்கிற இரவுதான் என் காதல் காட்சி.

மானாக மாறினவன் ஊரை விட்டும் போவதில்லை. கோட்டைக்குள் இன்னமும் இராணுவம் இருக்கிறது, ஆனால் மானிடம் யாரும் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்பதில்லை. இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டு நடந்தால் இங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். முப்பத்தைந்து வயதாகியும் இரண்டு வீட்டிலும் கலியாணப் பேச்சு இல்லையென்றால்தான் கேட்பார்கள். மானை யார் கேட்பது? பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அதன் நெற்றியில் நெற்றி வைக்கலாம். மனிதனாக இருந்தவரை கிடைக்காதது. இந்தக் கதையின் கறுப்பு முழுவதும் இங்கேதான். கடலிலும் பேயிலும் இது கிடைக்காது.

அப்புறம் இலக்கணம். நன்னூல் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைக்கிறது, மான் அஃறிணை. அவன் எந்த வசனத்தில் 'அது' ஆகிறான் என்று நான் தீர்மானித்தே ஆகவேண்டும். தமிழில் வினைமுற்றை ஒளித்து வைக்க முடியாது, 'வந்தான்' அல்லது 'வந்தது'. ஆனால் உவப்பினால் திணை மாற்றிச் சொன்னால் பிழையில்லை என்றும் அதே நன்னூல் சொல்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உரைகாரர் தரும் உதாரணம்.

ஆகவே இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். கொம்பின் தோல் கிழியும் இரவோடு கதைசொல்லி 'அது' என்று தொடங்குகிறான். ஓட்டோக்காரன் மட்டும் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்பு கூப்பிட்ட மாதிரியே 'மச்சான்' என்கிறான். நம்முடைய பக்கத்தில் கூட்டாளியும் மச்சான், பெண்டாட்டி வாயில் புருஷனும் மச்சான். காவலுக்கு நிற்கிற சிப்பாய்க்கு எந்த மச்சான் என்று விளங்காது. மான்களில் ஒன்று காதைத் திருப்புகிறது. 'வாறான்,' என்று ஓட்டோக்காரன் தனக்குள் சொல்லிக்கொண்டு வாழைப்பழத்தை உரிக்கிறான்.