சட்டமா, சட்டமில்லாததா, அக்ரிலிக்கா: சிறிய கடல்நீர்த் தொட்டியின் ஒட்டு எங்கே விடும்?

கடல்மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் தவறாமல் கேட்பது, "உப்புத் தண்ணீர் ஒட்டை அரித்துவிடாதா?" என்பதுதான். அரிக்காது. கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் பசை நன்றாக இறுகிவிட்டால், அதற்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. எடையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தொட்டியில் நாம் வைத்திருக்கும் கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம், அவ்வளவே.

ஒட்டைச் சோதிப்பது நீரின் உயரம். 60 செ.மீ. நீளக் கண்ணாடியில் 30 செ.மீ. உயரம் நீர் நின்றால், அந்தப் பலகையைச் சுமார் 28 கிலோ எடை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 45 செ.மீ. ஆக்கினால் அதுவே 62 கிலோ. உயரம் கூடியது ஒன்றரை மடங்கு, தள்ளுவிசை கூடியதோ இரண்டேகால் மடங்கு. ஆகவே எந்த வகை என்று பார்ப்பதற்கு முன்னால், எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

மேலும் கீழும் பிளாஸ்டிக் சட்டம் போட்ட தொட்டி அழகில் கடைசி. ஆனால் மேல்சட்டம் கண்ணாடிகளை வெளியே வளையவிடாமல் கட்டிப்பிடிக்கிறது. அடிக்கண்ணாடி மேசையைத் தொடாது. சுமை முழுவதும் கீழ்ச்சட்டத்தின் விளிம்பு வழியே இறங்கும். இதன் அடியில் ஃபோம் விரிப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள்: ஃபோம் நடுவில் எழும்பி, அந்தரத்தில் இருக்க வேண்டிய கண்ணாடியை முட்டும். இந்த வகையின் உண்மையான குறை வேறு. கசிவு தொடங்கும் கீழ்மூலையைச் சட்டமே மறைத்துவிடும்.

சட்டமில்லாத தொட்டியில் எல்லாப் பொறுப்பும் சிலிக்கோன் தலையில். அதிலும் இரண்டு பகுதி உண்டு. இரு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய படலம்தான் பாரம் தாங்குகிறது. உள்மூலையில் விரலால் இழுத்துவிட்டது போலத் தெரியும் பட்டை அதற்குக் காவல். கடல்நீர்த் தொட்டியில் அந்தக் காவலுக்கு எதிரி பிளேடு. கண்ணாடியில் ஊதா நிறத்தில் படியும் சுண்ணாம்புப் பாசியை வேறு எதனாலும் எளிதில் எடுக்க முடியாது. சுரண்டும் வேகத்தில் மூலைவரை போய்விடுகிறோம். பட்டையின் ஓரம் ஒருமுறை கிளம்பினால், அடுத்தடுத்த முறை பிளேடு அங்கேயே மாட்டும்.

என் 40 லிட்டர் தொட்டியில் நடந்தது இதுதான். வலது கீழ்மூலையில், சுவரில் உப்புப் பூப்பது போல ஒரு வெள்ளைக் கோடு. தெறித்த நீர் காய்ந்தது என்று வாரக்கணக்கில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, டிஷ்யூ தாளை மடித்து அங்கே ஒட்டி வைத்தேன். காலையில் தாளின் அடி நனைந்திருந்தது. மேல்பாதி காய்ந்தே இருந்ததால், மேலிருந்து வழிந்த நீர் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அதற்கு முன்பே தொட்டி என்னிடம் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. உப்பளவு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 32க்கு இறங்கியிருந்தது. கருவியைக் குறை சொன்னேன். ஆவியாகும்போது நீர் மட்டும் போகும், கசியும்போது உப்பும் சேர்ந்து போகும். தானாக நன்னீர் நிரப்பும் பம்பு இருந்தால் மட்டம் குறையாது, உப்புதான் குறையும். எந்த வகைத் தொட்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சட்டமில்லாததற்கு ஃபோம் வேண்டும், மேசை மட்டமாகவும் இருக்க வேண்டும். ரசமட்டத்தை நீளவாக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். குறுக்கேயும் மூலைக்கு மூலையும் வையுங்கள். சாய்வைவிட முறுக்கு மோசம். மணலும் கல்லும் உள்ளே இருக்க, தொட்டியைத் தூக்கி நகர்த்துவது அந்த முறுக்கை நாமே கொடுப்பதுதான்.

அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்த தொட்டி கண்ணாடியில் ஏறத்தாழ பாதி எடை. மூட்டைக் கரைப்பான் ஊற்றிக் கரைத்து ஒன்றாக்குகிறார்கள். ஒழுங்காகச் செய்த மூட்டு பலகையோடு பலகையாகிவிடும். ஒழுங்காகச் செய்யாவிட்டால் மூட்டில் குமிழ் வரிசை தெரியும், அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைத்தால் நுண்விரிசல்கள் பரவும். கசிந்தால் சிலிக்கோன் பூசிச் சமாளிக்கவும் முடியாது, அக்ரிலிக்கில் அது சரியாகப் பிடிக்காது. அதோடு சுண்ணாம்புப் பாசியைச் சுரண்டச் சுரண்டக் கீறல். கடல்நீருக்கு இது எனக்கு ஒத்துவரவில்லை.

முன்பக்கம் வளைத்த கண்ணாடித் தொட்டியில் முன்னிரு செங்குத்து ஒட்டுகள் இல்லை, உண்மைதான். அடி ஒட்டு அப்படியே இருக்கிறது, அழுத்தம் அதிகமும் அங்கேதான்.

35 செ.மீ. உயரத்துக்குள் என்றால் நான் சட்டமில்லாததையே வாங்குவேன், ஒட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக. அதைவிட உயரம் என்றால் சட்டம் போட்டது. பழைய தொட்டி வாங்குகிறவர்கள் கசியும் இடத்தில் மட்டும் புதுச் சிலிக்கோன் தடவி ஏமாற வேண்டாம். பழையதன்மேல் புதியது பிடிக்காது. உள்பட்டையைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கோனைப் பூசுங்கள். ஒரு வாரம் காயவிட்டு, தரையில் வைத்து, வெறும் நன்னீர் நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்துப் பாருங்கள்.